குன்னூர் சரிவில் 100.5: ஒரு ஆன்டெனா வேலையின் பதிவு

அம்மாவின் பழைய ரேடியோவில் கோடைப் பண்பலை, அதாவது கொடைக்கானல் வானொலியின் 100.5 எஃப்.எம்., இரைச்சல் இல்லாமல் பாட ஆரம்பித்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. நடுவில் நாலு நாள் அடைமழை, கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி, ஒரு காட்டெருமைக் கூட்டம் எல்லாம் வந்து போய்விட்டன. இன்னும் பாடுகிறது. இனி எழுதலாம். ஆனி தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை, மொத்தம் ஏழு வாரம். அதில் முதல் நாலு வாரம் தப்பான இடத்தில் போனது. மலை ஊரில் இருந்துகொண்டு எஃப்.எம். கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த நாலு வாரம்தான் அதிகம் உதவும் என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஊர் வத்தலக்குண்டு. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாலே கொடைக்கானல் மலைதான். 2100 மீட்டருக்கு மேலே, 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 100.5 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பக்கத்தில் டீக்கடை, சலூன், வயலில் மோட்டார் ரூம், எங்கே போனாலும் அதுதான் ஓடும். அம்மா முப்பது வருஷம் சமையல்கட்டில் அதைக் கேட்டே வேலை செய்தவள். அப்பா போன பிறகு குன்னூருக்குக் கூட்டிவந்தோம். வந்த மறுநாள் காலையில் ரேடியோவைத் திருகிவிட்டு, “ஏய்யா, இங்க கோடை வராதா?” என்று கேட்டாள். உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது.

போனில் செயலி போட்டுக் கேட்கலாமே என்றான் மகன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குத் தொடுதிரை ஒத்துவரவில்லை. தவிர, மழைக்காலத்தில் எங்கள் சரிவில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் சேர்ந்து போகும். இரண்டு பெரிய பேட்டரியில் மூன்று மாதம் ஓடும் ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீடு வெலிங்டன் போகும் சாலைக்குக் கீழே, வடமேற்கு பார்த்த சரிவில் இருக்கிறது. மாமனார் கட்டிய தகரக் கூரை வீடு. கூரை மேல் அவர் தூர்தர்ஷனுக்காக வைத்த ஏரியல் இன்னும் நின்றது. தரைவழி தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் இலவச டிஷ் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்க்கிறது. எங்கள் ஊரிலிருந்து அது தொடுவானத்துக்கு மேலே சுமார் 66 டிகிரி உயரத்தில் இருப்பதால் டிஷ்ஷுக்கு மலை ஒரு தடையே இல்லை. ஏரியல்தான் காக்கை உட்காரும் இடமாகிப் போயிருந்தது.

முதல் யோசனை எல்லோருக்கும் வரும் யோசனைதான்: உயரத்தில் வைத்தால் வரும். ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் 20 அடி வாங்கினேன், 1,150 ரூபாய். கூரைச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்த ஒரு ஆள் கூலி 600. உச்சியில் மாமனாரின் ஏரியலையே கட்டினேன். அதில் இருந்த மிக நீளமான குழாய் 83 செ.மீ. 100.5க்கு அரை அலைநீளம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வரும். அது இந்த அலைக்கு வெட்டிய ஏரியலே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஏதோ கொஞ்சம் கூடுமே என்று கட்டிவிட்டேன்.

அளந்து பார்க்க என்னிடம் ஒரு டெக்சன் பி.எல்-310இடி ரேடியோ இருக்கிறது. கையடக்கமான செட். திரையில் இரண்டு எண் காட்டும்: முதலாவது சிக்னல் வலிமை, இரண்டாவது இரைச்சலைவிடச் சத்தம் எத்தனை டெசிபெல் மேலே இருக்கிறது என்பது. இந்த வேலையில் ஏதாவது உருப்படியாக நடந்தது என்றால் இந்த இரண்டு எண்ணையும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதியதால்தான். வீட்டுக்குள் 9, 0. கம்பத்தின் உச்சியிலிருந்து 15, 3. கேட்டால் யாரோ அடுத்த தெருவில் பேசுவதுபோல் இருந்தது.

அடுத்து பூஸ்டர். கேபிள் டிவிக்காரர்கள் போடும் சாதாரண பூஸ்டர், 380 ரூபாய். போட்டதும் முதல் எண் 47க்கு எகிறியது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது எண் பூஜ்யம் என்பதைக் கவனிக்கவில்லை. ஸ்பீக்கரில் வந்தது கோடை இல்லை. கோவை நிலையங்கள் இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழறிக்கொண்டு இருந்தன. டயலில் எங்கே திருப்பினாலும் அதே கலவை. கோவை எங்களுக்கு நேர்கோட்டில் 45 கி.மீ. கூட இல்லை. கோடை 140 கி.மீ.க்கு மேல். பூஸ்டருக்கு வேண்டியது, வேண்டாதது தெரியாது. பலமாக வருவதில் திணறிப்போய், தானே புதிதாகக் குப்பையை உண்டாக்கி எல்லா இடத்திலும் தெளித்துவிட்டது. முதல் எண் மட்டும் கூடி இரண்டாவது எண் அசையாமல் இருந்தால் அங்கே நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

திருப்பம் வந்தது வேறு காரியமாகப் போன இடத்தில். உறவினர்களை லாம்ப்ஸ் ராக் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். அங்கிருந்து கீழே கோவைச் சமவெளி விரிந்து கிடக்கும். பையில் இருந்த டெக்சனை எடுத்து, ஆன்டெனாவைக்கூட முழுசாக இழுக்காமல் 100.5 போட்டேன். திரையில் ஸ்டீரியோ குறியே தெரிந்தது. கம்பமும் இல்லை, பூஸ்டரும் இல்லை. என் வீட்டிலிருந்து அந்த இடம் பறவை பறக்கும் தூரத்தில் சில கிலோமீட்டர்தான்.

அன்று ராத்திரி வரைபடத்தில் குன்னூரையும் கொடைக்கானலையும் கோட்டால் இணைத்தேன். வடக்கிலிருந்து சுமார் 148 டிகிரி, அதாவது தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. கோடு கோவைக்குச் சற்றுக் கிழக்கே இறங்கி, உடுமலைப்பேட்டை மேலாகப் போய்ப் பழனி மலையில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் தாழ்ந்த சமவெளி. இதைவிட நல்ல பாதை கிடைக்காது. தடை என் வீட்டுப் பின்புறத்தில்தான் இருந்தது. தென்கிழக்கில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் மேடு கோடையை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது.

எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்க மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்தேன். நடுத்துளையில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பு வழியாக மேட்டின் உச்சியைப் பார்த்தேன். 14 டிகிரி. உச்சிக்குக் கிடைமட்டத் தூரம் 220 மீட்டர். கணக்குப் போட்டால் மேடு வீட்டைவிட 55 மீட்டர் உயரம். நான் 1,750 ரூபாய் செலவழித்து ஏற்றிய உயரம் 6 மீட்டர். இந்தப் பாகைமானியை முதல் நாளே எடுத்திருந்தால் கம்பம் வாங்கியிருக்கவே மாட்டேன்.

இதே வீட்டில் கோவை வானொலியின் மத்திய அலை, 999 கிலோஹெர்ட்ஸ், எந்த ஏரியலும் இல்லாமல் வரும் என்று மாமியார் சொல்வார். அந்த அலையின் நீளம் 300 மீட்டர். எங்கள் மேடு அதற்கு ஒரு வரப்பு மாதிரி. எஃப்.எம். அலை 3 மீட்டர்தான், மேட்டைக் கண்டால் அதன் பின்னால் நிழல் விழுந்துவிடும். நிழலுக்குள் கம்பம் நட்டு உயர்த்துவதைவிட நிழல் எங்கே முடிகிறது என்று நடந்து பார்ப்பதே வழி என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

ஐந்து நாள் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, ரேடியோவைக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றி நடந்தேன். வேலிக்கு வேலி, வரிசைக்கு வரிசை. இந்த நடையில் ஒன்றைக் காதாலேயே கேட்டேன். சில இடங்களில் ஒரு பெரிய எட்டு வைத்தால் பாட்டு வரும், அடுத்த எட்டில் கரகரவென்று உடையும், அதற்கடுத்த எட்டில் மறுபடி வரும். டேப் வைத்து அளந்தேன். ஒரு நல்ல இடத்துக்கும் அடுத்த நல்ல இடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், அதாவது சரியாக அரை அலைநீளம். மேட்டைத் தாண்டி வரும் அலையும், எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்தும் நிற்கின்றன. அறிவிப்பாளரின் சகர ஒலியெல்லாம் கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் சீறினால் அது பலவீனமான சிக்னல் இல்லை, எதிரொலி. அந்த இடத்தில் பூஸ்டர் போட்டு எந்தப் பயனும் இல்லை. ஒரு எட்டு நகர்ந்து நின்றாலே போதும்.

நாலாவது நாள், வீட்டிலிருந்து 70 மீட்டர் தள்ளி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் எண்கள் திடீரென்று 28, 14 என்று ஏறின. நிமிர்ந்து பார்த்தேன். தோட்டத்துக்கு லாரி போக மேட்டை வெட்டிய இடம், அந்தத் தொட்டியிலிருந்து பார்த்தால் சரியாக 148 டிகிரியில் பல் விழுந்த இடைவெளிபோலத் திறந்திருந்தது. ஐந்தடி இடப்பக்கம் நகர்ந்தால் 19. வலப்பக்கம் நகர்ந்தால் 17. தரையிலிருந்து நாலடி உயரம். என் கூரைக் கம்பத்தைவிடத் தாழ்வான இடம் அது.

தோட்டக்காரர் வயதில் மூத்தவர், படுகர். தினமும் ரேடியோவும் கையுமாக நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். “அண்ணே, தொட்டித் தூணில் ஒரு கம்பம் கட்டிக்கலாமா?” என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். “அம்மாவுக்குன்னா கட்டிக்கோங்க. செடிக்கு நடுவுல மட்டும் குழி தோண்டாதீங்க, கொழுந்து எடுக்குறவங்க கால் இடறும்” என்றார். அந்த ஒரு நிபந்தனைதான். கூரையிலிருந்த ஜி.ஐ. பைப்பில் 8 அடியை வெட்டித் தொட்டித் தூணில் யு-கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். வீணாய்ப் போன பைப் கொஞ்சமாவது பயன்பட்டது.

இனி ஆன்டெனா. மூன்று கம்பி யாகி, அதாவது ஒரு திசையை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டெனா. பின்னால் பிரதிபலிப்பான் 1.50 மீட்டர், நடுவில் கேபிள் இணையும் வளைத்த கம்பியான மடிப்பு டைபோல் 1.42, முன்னால் வழிகாட்டி 1.33. பிரதிபலிப்பானுக்கும் டைபோலுக்கும் இடைவெளி 60 செ.மீ., டைபோலுக்கும் வழிகாட்டிக்கும் 45 செ.மீ. அலுமினியம் ஜன்னல் செய்யும் கடையில் அரை இஞ்ச் உருண்டைக் குழாய் 12 அடி நீளமாகத்தான் கிடைக்கும், 180 ரூபாய். முன், பின் இரண்டு கம்பியும் அந்த ஒரே குழாயில் வெட்டலாம், 80 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். நடுத்தண்டுக்கு மாமனாரின் ஏரியலில் இருந்த சதுரக் குழாயையே எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ மழையிலும் அதில் ஒரு அரிப்பு இல்லை.

டைபோலுக்கு ஏ.சி. மெக்கானிக்கிடம் மிச்சம் கிடந்த முக்கால் பங்கு அரை இஞ்ச், அதாவது 3/8 காப்பர் பைப் 10 அடி, 500 ரூபாய். கையால் வளையும் மிருதுவான செம்பு. முதல் வளைவை அப்படியே முழங்காலில் வைத்து வளைத்தேன். வளைவின் உட்புறம் சப்பையாக மடிந்து, மடிப்பில் மயிரிழை விரிசல் விட்டது. நல்லவேளை நுனியிலேயே நடந்தது. 12 செ.மீ. வெட்டி எறிந்தேன். தேவை 2.88 மீட்டர், வெட்டிய பிறகு கையில் இருந்தது 2.93. மெக்கானிக்கிடமே திரும்பப் போனேன். “மணல் ரொப்பிட்டு வளைங்க சார்” என்றார். ஆற்று மணலை இரும்பு வாணலியில் வறுத்து, சலித்து, ஒரு முனையை மரக்குச்சியால் அடைத்துப் பைப்பை நிமிர்த்திப் பிடித்து, ஸ்பானரால் தட்டித் தட்டி நிரப்பினேன். தட்டத் தட்ட மணல் இன்னும் இன்னும் இறங்கும். இனி இறங்காது என்றதும் மறுமுனையையும் அடைத்து, இரண்டு இஞ்ச் பி.வி.சி. பைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். செம்பு வெண்ணெய் மாதிரி வந்தது. வளைவு முழுக்க ஒரே உருண்டை, ஒரு சுருக்கம் இல்லை. வறுத்த மணல் ஏன் என்றால், ஈர மணல் உள்ளேயே கட்டிதட்டி நின்றுவிடும். பிறகு கொட்டி எடுக்க முடியாது.

செம்பையும் அலுமினியத்தையும் நேராகத் தொடவிடக் கூடாது. இங்கேயுள்ள மூடுபனியில் ஒரே பருவத்தில் வெள்ளை உப்புப் பூத்து அரித்துவிடும். டைபோலுக்கும் தண்டுக்கும் நடுவில் பி.வி.சி. பைப்பில் வெட்டிய ஒரு துண்டு, எவர்சில்வர் போல்ட், எவர்சில்வர் வாஷர்.

மடிப்பு டைபோலின் மின்மறுப்பு 300 ஓம், டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி-6 கேபிளுக்கு 75 ஓம். ஒத்துப்போகாத இந்த இரண்டையும் சேர்க்க அரை அலைநீளக் கேபிள் வளையம் வேண்டும். என் கல்லூரி நோட்டில் கேபிளுக்குள் அலை ஓடும் வேகம் 0.66 பங்கு என்று இருந்தது. அதை வைத்து 98.5 செ.மீ. வெட்டி ஈயம் வைத்து இணைத்தேன். தொட்டிக் கம்பத்தில் ஏற்றிப் பார்த்தால் 39, 24. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆன்டெனாவை எந்தப் பக்கம் குறிவைத்தாலும் உச்சம் சில டிகிரி தள்ளியே வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கேபிளின் வெட்டுமுகத்தை உற்றுப் பார்த்தேன். நடுக்கம்பியைச் சுற்றி இருப்பது கெட்டி பிளாஸ்டிக் இல்லை, வெள்ளை நுரை. நுரைக் கேபிளுக்கு 0.82. அப்படியானால் 1.22 மீட்டர் வெட்டியிருக்க வேண்டும். புதிதாக வெட்டிப் போட்டேன். 41, 27. உச்சமும் நேராக வந்து உட்கார்ந்தது. இரண்டு புள்ளிதான் லாபம். வாரக்கணக்கில் யாகியை மெருகேற்ற நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: எனக்கு இடம் மாறியதில் கிடைத்தது 13 புள்ளி. யாகி கட்டியதில் 11. வளையத்தைத் திருத்தியதில் 2.

கம்பிகளைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படுக்கையாக வைத்தால் கம்பத்தின் இரும்பு குறுக்கிடாது என்பதால் அப்படியே விட்டேன்.

கேபிள் 100 மீட்டர் சுருள் 1,650 ரூபாய். வீடு வரை வளைந்து வர 75 மீட்டர் ஆனது. 100 மெகாஹெர்ட்ஸில் இந்த நீளத்துக்கு 5 டெசிபெல் தின்றுவிடும். வீட்டுக்குள் அளந்தபோது 36, 25. கணக்கும் அளவும் ஒத்துப்போனதில் அன்று எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஏழு வாரத்தில் முதல்முறையாக, நடப்பது எனக்குப் புரிந்து நடந்தது.

அந்த நிம்மதி மூன்று நாள்தான். கேபிளை வரப்போரம் தரையிலேயே போட்டிருந்தேன். நாலாம் நாள் காலையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் தொட்டிப் பக்கத்து இணைப்பு பிடுங்கிக் கிடக்கிறது, ஈரமண்ணில் உள்ளங்கை அகலக் குளம்புத் தடங்கள். குன்னூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டெருமைகள் ராத்திரியில் வரப்பு வழியாகத்தான் இறங்கும். ஒன்றின் காலில் கேபிள் மாட்டியிருக்கும். அதற்கு அடி எதுவும் பட்டிருக்காது என்றே நம்புகிறேன். இணைப்பு சுலபமாகக் கழன்று கொடுத்துவிட்டது. மறுபடி தரையில் போட மனசு வரவில்லை. அரை இஞ்ச் கருப்பு ஓஸ் 70 மீட்டர், மீட்டர் 12 ரூபாய், மொத்தம் 840. கேபிளை அதற்குள் கோத்து, தோட்டக்காரர் சொன்ன வேலியோரமாக ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். கேபிளை ஓஸுக்குள் தள்ள முடியாது. முதலில் கட்டுக்கம்பியை நுழைத்து, அதில் கேபிளைக் கட்டி இழுக்க வேண்டும். பத்து மீட்டர் துண்டுகளாக ஓஸை வெட்டிக்கொண்டால் ஒரு ஆளே செய்யலாம். வெட்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய் ஜாயின்ட் போட்டால் போதும்.

கடைசிச் சிக்கல் அம்மாவின் ரேடியோவில் வந்தது. டெக்சனில் தெளிவாகப் பாடுகிறது, ஆனால் அம்மாவுக்கு அது வேண்டாம். அவளுடைய செட் முள் நகரும் பழைய செட். டயலில் 100.5 இருக்கும் இடத்தில் என் தங்கை எப்போதோ வைத்த நெயில் பாலிஷ் புள்ளி. முள்ளை அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுபோனால் கோடை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. வெளி ஆன்டெனா மாட்டத் துளையும் கிடையாது. கேபிளின் நடுக்கம்பியில் முதலைக் கிளிப் போட்டு ரேடியோவின் ஆன்டெனாவைக் கவ்வினேன். கேபிளைச் சுற்றியிருக்கும் வெளிவலையைப் பேட்டரியின் மைனஸ் தகட்டில் சேர்த்தேன். போட்டதும் சிவப்புப் புள்ளியில் கோடையும் 98.3-இல் வரும் கோவை நிலையமும் ஒன்றாகப் பேசின.

அந்தக் கோவை அலையை மட்டும் அடைக்கலாம் என்று 98.3க்கான கால் அலைநீளக் கேபிள் துண்டு, 62.5 செ.மீ., இணைப்பில் தொங்கவிட்டேன். அது கோவையை அடைத்தது, கோடையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 2.2 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு கேபிள் துண்டுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஆன்டெனாவைத் திருப்பி விலக்கலாம் என்றால், கோவை நகரம் என் இடத்திலிருந்து 156 டிகிரியில் இருக்கிறது. கோடை 148. எட்டு டிகிரி வித்தியாசத்தில் மூன்று கம்பி யாகியால் ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க முடியாது.

பூஸ்டர் கதை ஞாபகம் வந்தது. அங்கே திணறியது பூஸ்டர், இங்கே திணறுவது ரேடியோ. அப்படியானால் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். 56 ஓம் ஒன்று, 220 ஓம் இரண்டு, மூன்று ரெசிஸ்டர் மூன்று ரூபாய். 56ஐக் கேபிளின் நடுக்கம்பியில் தொடராக வைத்து, அதன் இரு பக்கமும் 220-ஐ வெளிவலைக்கு இணைத்தால் 6 டெசிபெல் குறையும். ஈயம் வைத்துச் சேர்த்து ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கினேன். கோவை ஒதுங்கிக்கொண்டது, சிவப்புப் புள்ளியில் கோடை மட்டும். அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கேட்டுக் கையை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. “கொஞ்சம் கூட்டி வைய்யா” என்றாள். கூட்டி வைத்தேன்.

கணக்கு: கேபிள் 1,650, ஓஸ் 840, செம்பு 500, அலுமினியம் 180, இணைப்புகளும் டேப்பும் 260. பயன்பட்டது 3,430 ரூபாய், ரெசிஸ்டர் மூன்று ரூபாய் தனி. பைப், ஆள் கூலி, பூஸ்டர் என்று தப்பான வழியில் போனது 2,130.

அடுத்த தடவை செய்தால் ரேடியோவும் பாகைமானியுமாக ஒரு வாரம் நடந்த பிறகுதான் கடைக்கே போவேன். கேபிளில் இணைப்பைத் தொட்டியின் ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். அங்கே மூன்று சுற்று ரப்பர் டேப் போட்டு, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டு, வளையத்தின் அடியில் தண்ணீர் சொட்டிப் போகும்படி வைத்திருக்கிறேன். ஆனாலும் போன மழையில் இரண்டாவது எண் 25-இலிருந்து 22க்கு இறங்கிப் பிறகுதான் ஏறியது. கம்பத்துக்கு எர்த் கம்பி நாலடி ஆழத்தில் இறக்கியாகிவிட்டது. இடி கேட்டால் கிளிப்பைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் நான் கடைத்தெருவில் இருந்தபோது வானம் இருட்டியது. ஓடிவந்து பார்த்தால் கிளிப் ஏற்கெனவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி இடிமழை வருவதற்குள் தொட்டிப் பக்கத்து இணைப்பைப் பிரித்து, உள்ளே பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.